குறியாக்கம் செய்த வட்டு திறக்க மறுத்தால் எங்கே பார்ப்பது?

மட்டக்களப்பில் ஒரு சமூக சேவை நிறுவனத்தில் வேலை செய்யும் வெளிக்கள உத்தியோகத்தரின், லினக்ஸ் இயங்குதளம் ஓடும் மடிக்கணினியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். படுவான்கரைக் கிராமங்களில் பதிந்த குடும்ப விபரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், காணி உறுதிகளின் படங்கள், சில வேளைகளில் வீட்டு வன்முறை பற்றிய முறைப்பாடுகள் எல்லாம் அதில் இருக்கும். உதயதேவி புகையிரதத்தில் கொழும்புக்குப் போகும் வழியில் அந்தப் பை தொலைந்துவிட்டால், கணினியின் விலை ஒரு பக்கம் இருக்க, அந்தக் குடும்பங்களின் இரகசியங்கள் யார் கையில் போய்ச் சேரும் என்பதுதான் பெரிய கவலை. கணினிக்குள் நுழையும்போது நாம் கொடுக்கும் கடவுச்சொல் இதற்குக் காவல் ஆகாது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினாலோ, பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கினாலோ அந்தக் கடவுச்சொல்லை யாரும் கேட்கப்போவதில்லை. கோப்புகள் எழுதப்பட்டிருக்கும் வட்டே குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால்தான், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டிருந்தால்தான், எடுத்தவர் கையில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

லினக்ஸில் இதைச் செய்வது கடினமல்ல. செய்த பின் ஏதாவது பிசகினால் எங்கே பார்ப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பழுது பார்க்கும் கடைகளுக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன், ஆனா திறக்குதில்ல.” இப்படிச் சொல்பவர் தமது தரவு அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு ஏற்கெனவே வந்திருப்பார். பெரும்பாலான வேளைகளில் தரவும் பத்திரமாக இருக்கும், குறியாக்கமும் ஒழுங்காக இருக்கும். அவற்றுக்கு மேலோ கீழோ உள்ள வேறொரு அடுக்கில் சிறிய தவறு ஒன்று இருக்கும். ஆகவே பிழைச்செய்தி வந்தவுடன் அது எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. மருந்து அதற்குப் பிறகுதான்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதியுள்ளேன். கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் அவற்றை, நான் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

அடுக்குகள்

லினக்ஸில் முழு வட்டையோ அதன் ஒரு பிரிவையோ குறியாக்கம் செய்யும் வழக்கமான முறைக்கு லக்ஸ் என்று பெயர். கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் என்பவர் 2004 இல் இதை வடிவமைத்தார். இப்போது பெரும்பாலும் பயன்படுவது அதன் இரண்டாம் பதிப்பு, அதாவது லக்ஸ்2. இதைக் கையாளும் கருவியின் பெயர் கிரிப்ட்செட்டப்.

கீழிருந்து மேலாகப் பார்த்தால் முதலில் இருப்பது வட்டின் ஒரு பிரிவு, அதாவது பார்டிஷன். அதன் தொடக்கத்தில் லக்ஸின் தலைப்பகுதி இருக்கும். லக்ஸ்2 இல் இதற்காக வழக்கமாக 16 மெகாபைட் ஒதுக்கப்படுகிறது. தலைப்பகுதிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்ட தரவு. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்ததும் இயங்குதளத்தின் மையமான கேர்னல் புதிதாக ஒரு சாதனத்தை உருவாக்கி, டெவ் கோப்புறைக்குள் மேப்பர் என்ற இடத்தில் நாம் கொடுத்த பெயரில் வைக்கிறது. அந்தச் சாதனம் வழியாகப் படிப்பது உடனுக்குடன் விடுவிக்கப்பட்டு வரும், எழுதுவது உடனுக்குடன் பூட்டப்பட்டுப் போகும். அந்த மேப்பர் சாதனத்தின் மேல்தான் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை இருக்கிறது. அதை ஒரு கோப்புறையில் மவுண்ட் செய்த, அதாவது பொருத்திய, பின்னரே நமது கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். பிரிவு, மேப்பர், கோப்பு முறைமை, கோப்புறை என்ற இந்த நான்கும் மனதில் நின்றால் இனி வருபவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கடவுச்சொல் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. நாம் கொடுக்கும் கடவுச்சொல் நேரடியாகத் தரவைப் பூட்டுவதில்லை. தரவைப் பூட்டுவது கணினி தானாகவே உருவாக்கிய ஒரு முதன்மைச் சாவி. அந்தச் சாவி தலைப்பகுதியில் பூட்டிய நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய அலுமாரியின் சாவியைச் சிறிய தகரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, அந்தப் பெட்டியின் சாவியை மட்டும் நாம் இடுப்பில் செருகிக்கொள்வதைப் போன்றது இது. கடவுச்சொல்லை மாற்றினால் தகரப்பெட்டியின் பூட்டு மட்டுமே மாறும். அதனால்தான் ஐந்நூறு ஜிகாபைட் வட்டுக்கும் கடவுச்சொல் மாற்றம் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. இப்படி ஒரே சாவியைப் பல பெட்டிகளில் வைக்கலாம். லக்ஸின் முதற்பதிப்பில் எட்டு இடங்கள் இருந்தன, லக்ஸ்2 இல் 32 வரை வைக்கலாம். எனவே நாளாந்தம் பாவிக்கும் கடவுச்சொல் ஒன்றும், தாளில் எழுதிப் பாதுகாப்பான இடத்தில் வைக்கும் நீண்ட மாற்றுக் கடவுச்சொல் ஒன்றும் ஒரே வட்டுக்கு இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு கசப்பான உண்மையும் வருகிறது. தலைப்பகுதி அழிந்தால் முதன்மைச் சாவியும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு கடவுச்சொல் நினைவில் இருந்தாலும் பயனில்லை. அந்நிலையில் “எப்படியாவது எடுத்துத் தருகிறோம்” என்று காசு வாங்கும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

முதலில் தட்ட வேண்டிய ஒரே கட்டளை

பிழை எதுவாக இருந்தாலும் முதலில் டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.பி.எல்.கே. என்று தட்டி, இடைவெளி விட்டு, இணைகோடு போட்டு எஃப் சேர்த்து இயக்குங்கள். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, பார்க்க மட்டுமே செய்யும். பிரிவுகள் மரக்கிளை போல வரிசையாகத் தெரியும். குறியாக்கம் செய்த பிரிவுக்கு எதிரே கிரிப்டோ லக்ஸ் என்ற வகைப்பெயர் இருக்கும். திறந்திருந்தால் அதற்குக் கீழே இன்னொரு வரியில் மேப்பர் சாதனம் வரும். அதற்கு எதிரே கோப்பு முறைமையின் வகை இருக்கும், மவுண்ட் ஆகியிருந்தால் எந்தக் கோப்புறையில் என்பதும் இருக்கும்.

இந்த ஒரே திரையில் எந்த அடுக்கு வரை ஏறியிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். கிரிப்டோ லக்ஸ் என்ற சொல்லையே காணவில்லை என்றால் சிக்கல் தலைப்பகுதியில் இருக்கிறது, அல்லது நாம் வேறு வட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொல் இருந்து, கீழ்வரி இல்லாவிட்டால் வட்டு இன்னும் திறக்கப்படவில்லை. கீழ்வரி இருந்து, அதற்கு எதிரே வகை எதுவும் இல்லாவிட்டால் கோப்பு முறைமை உருவாக்கப்படவில்லை, அல்லது பழுதடைந்திருக்கிறது. வகையும் இருந்து, கோப்புறை மட்டும் இல்லாவிட்டால் மவுண்ட் செய்வதுதான் பாக்கி.

புதியவர்கள் அடிக்கடி காணும் ஒரு செய்தி, கிரிப்டோ லக்ஸ் என்பது தெரியாத கோப்பு முறைமை வகை என்று மவுண்ட் கட்டளை முறையிடுவது. பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் நாம் ஒரு படியைத் தாண்டி, திறக்காத பிரிவை நேரடியாக மவுண்ட் செய்ய முயன்றிருக்கிறோம் என்பதே அதன் பொருள். கிரிப்ட்செட்டப் ஓப்பன் என்ற கட்டளையால் முதலில் திறந்து, பிறகு மேப்பர் சாதனத்தை மவுண்ட் செய்தால் முடிந்தது. புதிதாக அமைத்த வட்டில், திறந்த பின்னும் “கோப்பு முறைமை தவறு, அல்லது சூப்பர்புளொக் பழுது” என்ற செய்தி வந்தால், மேப்பர் சாதனத்தின் மேல் கோப்பு முறைமையை உருவாக்க மறந்திருக்கிறோம். (சூப்பர்புளொக் என்பது கோப்பு முறைமை தன்னைப் பற்றிய விபரங்களை வைக்கும் இடம்.) ஏற்கெனவே தரவு இருந்த வட்டில் இதே செய்தி வந்தால் எதையும் உருவாக்கப் போக வேண்டாம். அது வேறு நோய், அதற்குக் கீழே வருகிறேன்.

எல்லாம் சரியாக மவுண்ட் ஆகி, ஆனால் ஒரு கோப்பைக்கூட உள்ளே வைக்க முடியாமல் அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், அது குறியாக்கத்துடன் தொடர்பே இல்லாத விடயம். புதிதாக உருவாக்கிய ஈஎக்ஸ்டி4 முறைமையின் உரிமை ரூட் என்ற நிர்வாகப் பாவனையாளரிடம் இருக்கும். மவுண்ட் செய்த நிலையில் சி.எச்.ஓன் கட்டளையால் அந்தக் கோப்புறையின் உரிமையை உங்கள் பெயருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். டிஸ்க்ஸ் என்ற வரைகலைச் செயலியில் புதிய பிரிவை உருவாக்கும்போது கடவுச்சொல் பாதுகாப்பு என்ற தெரிவை இடுபவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. முதன்முறை அமைப்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கடவுச்சொல் சரி, விசைப்பலகை பிழை

இந்தக் கடவுச்சொல்லுக்குரிய சாவி எதுவும் இல்லை என்ற பொருளில் வரும் செய்திதான் மனிதரை அதிகம் கலங்கடிப்பது. அதன் நேரான பொருள் நாம் தட்டிய எழுத்துகள் எந்தத் தகரப்பெட்டியையும் திறக்கவில்லை என்பது மட்டுமே. நாம் தட்டியதாக நினைத்ததும் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒன்றா என்பதை இங்கே முதலில் பார்க்க வேண்டும்.

எமது பகுதியில் புழங்கும் மடிக்கணினிகளில் பல, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் கொண்டுவந்தவை அல்லது பாவித்த நிலையில் இறக்குமதியானவை. பிரித்தானிய விசைப்பலகையில் ஷிப்ட்டுடன் இரண்டாம் எண்ணை அழுத்தினால் இரட்டை மேற்கோள் வரும். அமெரிக்க அமைப்பில் அதே இடத்தில் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி வரும். லினக்ஸை நிறுவும்போது ஓர் அமைப்பும், கணினி தொடங்கும் கட்டத்தில் கடவுச்சொல் கேட்கும் திரையில் இன்னோர் அமைப்பும் இருந்தால், கை அதே விசையைத்தான் அழுத்தும், ஆனால் கணினிக்குப் போவது வேறு எழுத்து. திரையில் புள்ளிகளோ வெற்றிடமோ மட்டுமே தெரிவதால் வித்தியாசம் கண்ணில் படாது. இதைச் சோதிக்க, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, வெறும் உரைத் திருத்தியில் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்து, சேமிக்காமல் மூடுங்கள். விசைப்பலகை அமைப்பை மாற்றி மீண்டும் தட்டிப் பார்த்தால் எங்கே பிசகுகிறது என்பது தெரியும். கேப்ஸ் லொக், நம் லொக் என்ற இரண்டும் பழைய குற்றவாளிகள், அவற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கடவுச்சொல் வைத்தவர்களுக்கு இன்னும் நுணுக்கமான ஒரு பொறி உண்டு. “கொ” என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யுனிகோடில் இதை ககரத்துடன் ஒகர உயிர்க்குறியைச் சேர்த்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம், ககரம், எகர உயிர்க்குறி, அரவு என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வட்டைப் பொறுத்தவரை முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட், ஆகவே இரண்டும் முற்றிலும் வேறான கடவுச்சொற்கள். ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டுபவரும் ஒலியியல் முறையில் தட்டுபவரும் ஒரே சொல்லை ஒரே குறிகளாகத்தான் அனுப்புகிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதோடு, கணினி தொடங்கும் கட்டத்தில் தமிழ் உள்ளீட்டு மென்பொருள் எதுவும் இன்னும் விழித்திருக்காது. தமிழின் மேல் எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த ஓரிடத்தில் அதை ஒதுக்கி வைப்பதே நல்லது. தமிழ்ச் சொற்கள் நான்கைந்தை ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, குறியீடுகள் இல்லாமல் எழுதி நீண்ட கடவுத்தொடராக வைத்தால், பிரித்தானிய, அமெரிக்க விசைப்பலகைகள் இரண்டிலும் ஒரே மாதிரித் தட்டலாம். பலமும் குறையாது.

கடவுச்சொல் உண்மையிலேயே சரியாக இருந்தும் திறக்காத ஓர் அரிதான நிலை உண்டு. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவருக்குச் செலவை ஏற்றுவதற்காக, லக்ஸ்2 ஆர்கன்2 என்ற முறையால் அதைச் சாவியாக மாற்றுகிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டுமென்றே நிறைய நினைவகம் தேவைப்படும்படி வைத்திருக்கிறார்கள். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் அமைத்த வட்டைத் திறக்க ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் வரை கேட்கலாம். அதே வெளி வன்தட்டை அலுவலகத்தின் மூலையிலிருக்கும் பழைய ஒரு ஜிகாபைட் கணினியில் செருகினால், சாவியைத் திறக்கப் போதிய நினைவகம் இல்லை என்று மறுத்துவிடும். வட்டில் பிழையில்லை, வேறு கணினியில் திறந்தால் திறக்கும். பழைய கணினிகளிலும் பாவிக்கும் எண்ணம் இருந்தால், சாவி இடத்தை அமைக்கும்போதே நினைவக அளவைக் குறைத்துக் கொடுக்கலாம். கிரப் துவக்கி நேரடியாகத் திறக்க வேண்டிய வட்டுகளுக்கோ, ஆர்கன்2 இற்குப் பதிலாகப் பழைய பிபிகேடிஎஃப்2 முறையைத் தெரிவதே பாதுகாப்பானது.

தொடக்கத்தில் தொங்கி நிற்பது

வட்டு கணினியுடன் சேர்ந்து தானாகத் திறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதற்கு இரண்டு கோப்புகளில் எழுத வேண்டும். இரண்டும் ஈடிசி கோப்புறையில் உள்ளன. எந்தப் பிரிவை எந்தப் பெயரில் திறப்பது என்பதைக் கிரிப்ட்டேப் சொல்கிறது, திறந்ததை எந்தக் கோப்புறையில் மவுண்ட் செய்வது என்பதை எஃப்எஸ்டேப் சொல்கிறது. இங்கே நேரும் தவறு பெரும்பாலும் அடையாள எண்ணில்தான். யூயூஐடி என்ற நீண்ட எண் பிரிவுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் கோப்பு முறைமைக்கு இன்னொன்று என்று இரண்டு உண்டு. கிரிப்ட்டேப்பில் வர வேண்டியது வெளிப்பிரிவின் எண். எஃப்எஸ்டேப்பில் உள்முறைமையின் எண்ணை எழுதலாம், மேப்பர் பெயரையும் எழுதலாம். இரண்டும் இடம் மாறினால், கணினி இல்லாத ஒரு சாதனத்துக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பின் அவசர நிலைத் திரையில் போய் நிற்கும்.

யூயூஐடிக்குப் பதிலாக எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை எழுதுபவர்களும் உண்டு. இந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. ஒரு பென்டிரைவைச் செருகிய நிலையில் கணினியை இயக்கினாலே இடம் மாறிவிடக்கூடும். நேற்று வரை சரியாக வேலை செய்தது என்று சொல்பவரிடம் பென்டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தொடக்கத்துக்கு அவசியமில்லாத தரவுப் பிரிவுகளுக்கு இரண்டு கோப்புகளிலும் நோஃபெயில் என்ற தெரிவைச் சேர்த்துவிட்டால், அந்தப் பிரிவு வராவிட்டாலும் கணினியாவது எழுந்து நிற்கும். இயங்குதளமே குறியாக்கம் செய்த பிரிவில் இருந்தால், கிரிப்ட்டேப்பை மாற்றிய பின் டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கக் கட்டம் பழைய குறிப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மின்வெட்டும் விண்டோஸும்

மின்கலம் செத்துப்போய், மின்சாரத்தில் மட்டுமே ஓடும் மடிக்கணினிகள் எமது ஊர்களில் நிறைய உண்டு. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளாக்கியது. மின்சாரத்தை நம்ப முடியாத இடத்தில் கோப்பு முறைமை திடீர் நிறுத்தத்துக்குப் பழகியே ஆக வேண்டும். ஈஎக்ஸ்டி4 தன் பதிவேட்டைக் கொண்டு பெரும்பாலும் தானாகவே சரிசெய்துகொள்ளும். சரிசெய்ய முடியாத வேளையில்தான் முன்பு சொன்ன சூப்பர்புளொக் முறைப்பாடு பழைய வட்டிலும் தலைகாட்டும்.

அப்போது எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்க வேண்டும். எதன் மேல் இயக்குவது என்பதுதான் உயிர்நாடி. வட்டைத் திறந்து, மவுண்ட் செய்யாமல், மேப்பர் சாதனத்தின் மேல் இயக்க வேண்டும். குறியாக்கம் செய்த வெளிப்பிரிவின் மேல் இதை இயக்கக் கூடாது. ஈஎக்ஸ்டி4 இருக்கிறது என்ற நினைப்பில் லக்ஸ் தரவைத் திருத்தப் போனால் நல்ல வட்டும் கெட்டுப்போகும். பிழைச்செய்தியில் வரும் சாதனத்தின் பெயரை அப்படியே வெட்டி ஒட்டாமல், அது மேப்பர் என்ற சொல்லோடு வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வெளி வன்தட்டுகளுக்கும் பென்டிரைவுகளுக்கும் இன்னொரு ஆபத்து உண்டு, மின்வெட்டை விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. குறியாக்கம் செய்த பென்டிரைவை கொம்யூனிகேஷன் கடையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள விண்டோஸ் கணினியில் செருகினால், விண்டோஸுக்கு லக்ஸ் விளங்காது. பாவிப்பதற்கு முன் இந்த வட்டை ஃபோர்மெட் செய்ய வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கும். அவசரத்தில் யாராவது சம்மதம் என்று அழுத்தினால் புதிய கோப்பு முறைமை தொடக்கப் பகுதியில், அதாவது தலைப்பகுதி இருக்கும் அதே இடத்தில் எழுதப்படும். வேறு ஆட்களின் கையில் போகக்கூடிய பென்டிரைவ் என்றால் மேலே ஒரு தாளை ஒட்டி, ஃபோர்மெட் செய்ய வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

லக்ஸ்2 தலைப்பகுதியின் விபரக்குறிப்புகளை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறது. எனவே ஒன்று சிதைந்தால் கிரிப்ட்செட்டப் ரிப்பெயார் கட்டளை சில வேளைகளில் மற்றதிலிருந்து மீட்டுத் தரும். ஆனால் பூட்டிய சாவிகள் இருக்கும் பகுதிக்கு இரண்டாம் பிரதி கிடையாது. அதை நாமே எடுத்து வைக்க வேண்டும். கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெடர்பேக்கப் என்ற கட்டளை (இதில் ஹெடர், பேக்கப் என்ற சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்) தலைப்பகுதியை அப்படியே ஒரு சிறிய கோப்பாக எடுத்துத் தரும். அதை அதே வட்டில் வைப்பதில் பயனில்லை, அதே வீட்டில் வைப்பதும் போதாது. கல்லடியிலிருந்து மருதமுனை வரை கடலோரமாகக் குடியிருந்து சுனாமியைக் கண்ட எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிரதியிலுள்ள சாவிகளும் அன்றைய கடவுச்சொல்லாலேயே பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். பின்னர் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய பிரதியும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால் அவரால் வட்டைத் திறக்க முடியும். கடவுச்சொல் கசிந்துவிட்டது என்று மாற்றுபவர்கள் பழைய பிரதிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

வட்டு திறந்திருக்கும் நிலையிலேயே தலைப்பகுதி அழிந்துவிட்டது என்று தெரிந்தால் கணினியை நிறுத்தாதீர்கள். முதன்மைச் சாவி இன்னும் கேர்னலின் நினைவகத்தில் இருப்பதால் கோப்புகள் தொடர்ந்து படிக்கக் கிடைக்கும். வேறு எதையும் யோசிக்காமல் எல்லாவற்றையும் இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுங்கள். மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும் என்ற வழக்கமான வைத்தியம் இங்கே தரவுக்குக் கொள்ளி வைப்பதாகும்.

கோப்புறையை மட்டும் பூட்டுபவர்களுக்கு

முழு வட்டையும் பூட்ட விரும்பாமல் ஒரு கோப்புறையை மட்டும் பூட்டுவதற்கு கோகிரிப்ட்எஃப்எஸ் என்ற கருவி உண்டு. இதில் பூட்டிய கோப்புகள் ஒரு கோப்புறையிலும், திறந்த தோற்றம் இன்னொரு வெற்றுக் கோப்புறையிலும் இருக்கும். இங்கே நேரும் விபத்து சத்தமில்லாதது. திறக்க மறந்த நாளில் அந்த வெற்றுக் கோப்புறை வெறும் சாதாரணக் கோப்புறையாகவே இருக்கும். அதில் சேமிக்கும் ஆவணங்கள் குறியாக்கம் இல்லாமல், யாரும் படிக்கக்கூடிய நிலையில் வட்டில் எழுதப்படும். மறுநாள் திறக்க முயலும்போது, மவுண்ட் செய்யும் இடம் வெறுமையாக இல்லை என்று கருவி மறுக்கும். அந்த மறுப்பைத் தாண்டுவதற்கு ஒரு தெரிவு இருக்கிறது, ஆனால் பாவிக்காதீர்கள். முதலில் உள்ளே எது இருக்கிறது என்று பார்த்து, அவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, கோப்புறையைத் திறந்த பின் உள்ளே வையுங்கள். முதன்முறை அமைக்கும்போது இந்தக் கருவி முதன்மைச் சாவியைத் திரையில் ஒரு தடவை காட்டும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், படமெடுத்துத் தொலைபேசியில் வைக்க வேண்டாம்.

பழைய உபுண்டு கணினிகளில் வீட்டுக் கோப்புறையை ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையால் பூட்டியிருப்பார்கள். 18.04 பதிப்பிலிருந்து உபுண்டுவின் நிறுவியில் அந்தத் தெரிவு நீக்கப்பட்டுவிட்டது. அப்படியான கணினி உங்களிடம் இருந்து, கோப்பின் பெயர் மிக நீளம் என்ற பிழை வந்தால் காரணம் எமது மொழியின் கணக்கில் இருக்கிறது. சாதாரண ஈஎக்ஸ்டி4 இல் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடமுண்டு, ஈகிரிப்ட்எஃப்எஸ் பெயரையும் பூட்டுவதால் 143 பைட் மட்டுமே மிஞ்சும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும், புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும்கூடத் தனித்தனியாக. “மட்டக்களப்பு” என்பது எட்டு எழுத்து, ஆனால் 12 குறி, 36 பைட். அதை நான்கு தடவை எழுதினாலே 144 ஆகிவிடும். மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவையாளர் பிரிவு, குடும்பத் தலைவரின் பெயர் என்று நீட்டி எழுதும் வழக்கமுள்ளவர்களின் கோப்புகள் பிரதி எடுக்கும்போது ஒவ்வொன்றாக நழுவும். சில செயலிகள் அதைச் சொல்லாமலே அடுத்த கோப்புக்குப் போய்விடும். கோகிரிப்ட்எஃப்எஸ் நீண்ட பெயர்களைத் தனியாகக் கையாள்வதால் 255 பைட் வரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே பழைய முறையில் இருப்பவர்கள் முழு வட்டு லக்ஸுக்கோ இதற்கோ மாறிக்கொள்ளலாம்.

மூட முடியாமல் சாதனம் பாவனையில் உள்ளது என்று வரும் செய்திக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோப்புறைக்குள் ஒரு டெர்மினலோ, திறந்த ஆவணமோ, கோப்பு மேலாளரோ நின்றுகொண்டிருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை எது என்று காட்டும். அதை மூடி, முதலில் மவுண்ட்டை விடுவித்து, பிறகு வட்டைப் பூட்டுங்கள். பென்டிரைவை அப்படியே பிடுங்க வேண்டாம்.

எல்லாம் சரியாக வேலை செய்யும்போதும் மடிக்கணினியின் மூடியை மூடினால் மட்டும் வட்டு பூட்டப்படுவதில்லை. உறக்க நிலையில் முதன்மைச் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. பேருந்திலோ புகையிரதத்திலோ ஏறுவதற்கு முன் கணினியை முழுமையாக நிறுத்துங்கள். நினைவகம் போதாதபோது கணினி வட்டில் பாவிக்கும் ஸ்வாப் பிரிவு குறியாக்கம் செய்யப்படாமல் இருந்தால், திறந்திருந்த ஆவணங்களின் துண்டுகள் அதில் எஞ்சக்கூடும். எல்.எஸ்.பி.எல்.கே. திரையில் ஸ்வாப் என்ற வரியைத் தேடி, அது கிரிப்டோ லக்ஸ் வரிக்குக் கீழ்க்கிளையாக வருகிறதா, தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். தனியாக நின்றால் அதையும் கிரிப்ட்டேப்பில் சேர்த்து, ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய தற்செயல் சாவியால் பூட்டும்படி அமைக்கலாம். அப்படிச் செய்தால், நினைவகத்தை வட்டில் எழுதிவைத்து நிறுத்தும் ஹைபர்நேட் வசதி வேலை செய்யாது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.